பிரயாணச்சீட்டும் பூட்டிய கதவும்

புகையிரதத்தில் ஏறுபவர் கையில் சீட்டு இருத்தல் வேண்டும் என்பது சிறு பிள்ளையும் அறிந்த விதி. ஆனால் அச்சீட்டு முதன்முதல் யார் மீது கொண்ட ஐயத்தினாற் பிறந்தது என்பதை அறிந்தோர் சிலரே. 1836ஆம் ஆண்டில், இங்கிலாந்தின் வடபகுதியில், நியூகாசில் - கார்லைல் பாதையிலுள்ள மில்ற்றன் என்னுஞ் சிற்றூரில் நிலைய அதிபராக அமர்ந்தவர் தோமஸ் எட்மன்சன். தளபாட வேலை செய்து, வியாபாரத்தில் நொடிந்து போய், பின் புகையிரத சேவைக்கு வந்தவர் அவர். அக்காலத்திலே சீட்டுகளைக் காகிதத்திற் கையால் எழுதியே கொடுத்தனர். வாங்கிய பணம் முழுவதும் கொம்பனியின் பெட்டியைச் சேர்ந்ததா, எழுதியவரின் சட்டைப்பையைச் சேர்ந்ததா என்று கணக்குப் பார்ப்பதற்கு வழியில்லை. எட்மன்சன் தடித்த அட்டையைச் சிறு துண்டுகளாக வெட்டித் தொடர் இலக்கமிட்டு அச்சடித்தார். திகதி பதிப்பதற்கு ஒரு பொறியும் அமைத்தார். மாலையில் எஞ்சி நிற்கும் முதற் சீட்டின் இலக்கத்தைப் பார்த்தால் அன்றைய வரவு தெரிந்துவிடும். ஆகவே, சீட்டு முதலிற் காவல் செய்தது விற்பவரை, வாங்குபவரை அன்று. இந்த அட்டைச் சீட்டே உலகெங்கும் பரவியது. இலங்கைப் புகையிரதங்களிலும் நெடுங்காலம் வழங்கியது இதுவே.

ஐயம் பிரயாணியின் பக்கந் திரும்புவதற்கு அதிக காலஞ் செல்லவில்லை. பணஞ் செலுத்தாது தப்பிச்செல்லும் எண்ணத்தோடு பிரயாணஞ் செய்பவருக்கு 40 சிலிங் வரை தண்டம் விதிக்கலாம் என 1845ஆம் ஆண்டிலேயே பிரித்தானியப் பாராளுமன்றம் சட்டஞ் செய்தது. இதில் 'எண்ணம்' என்ற சொல்லை மனத்திற் கொள்ளல் வேண்டும். பின்வருங் கதை முழுவதும் அதனைச் சுற்றியே செல்கின்றது.

அந்நாளில் பெட்டிகளின் கதவுகளைப் பூட்டிவிடும் வழக்கமும் இருந்தது. ஓடும் வண்டியினின்று பிரயாணிகள் குதித்துவிடாமற் காப்பதற்கே பூட்டுகின்றோம் என்றன கொம்பனிகள். 1842ஆம் ஆண்டு மே மாதம் 8ஆந் திகதி, வெர்சாயிலிருந்து பாரிஸ் நோக்கிச் சென்ற வண்டியின் இயந்திர அச்சு முறிந்தது. பெட்டிகள் ஒன்றன்மேலொன்றாக ஏறித் தீப்பற்றின. பூட்டிய கதவுகளுக்குள் அகப்பட்டு ஐம்பதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். தென்துருவக் கடல்களில் உயிர் தப்பி மீண்ட பிரெஞ்சு மாலுமி டூமோன் டூர்வில் தம் மனைவியோடும் மகனோடும் அங்கே எரிந்து போனார். பிரான்ஸ் இவ்வழக்கத்தை உடனே கைவிட்டது. இங்கிலாந்திலோ, தூய பவுல் பேராலயத்துக் குருவாகிய சிட்னி சிமித், பூட்டை விடாத கொம்பனியைப் பத்திரிகைக் கடிதங்களிற் சாடினார். உயர்ந்த பதவியிலுள்ள ஒருவர் வெந்து மடியும்வரை இவர்களுக்குப் புத்தி வராது என்பது அவருடைய ஏளனத்தின் சாரம். அதன் பின்னும் பூட்டு முற்றாக ஒழியவில்லை.

அதன் விலை 1889ஆம் ஆண்டு யூன் மாதம் 12ஆந் திகதி தெரிந்தது. அயர்லாந்திலே ஆர்மா நகரத்து மெதடிஸ்த திருச்சபையின் ஞாயிற்றுப் பாடசாலைப் பிள்ளைகள், பெற்றோருடன் வொரன்பொயின்ற் கடற்கரைக்கு உல்லாசப் பிரயாணம் புறப்பட்டனர். சுமார் 800 பேருக்கென ஒழுங்கு செய்த வண்டியில் 940 பேரளவில் ஏறினர். சாரதி பாரம் மிகுதி என்று மறுத்துப் பார்த்தார். அவர் சொல் எடுபடவில்லை. சீட்டுகளைப் பரிசோதித்து முடிந்ததும், சீட்டில்லாதவர் எவரும் உட்புகாதபடி பெட்டிகளின் கதவுகளைப் பூட்டினர்.

நகரத்தை விட்டதும் பாதை மேடாக ஏறுகின்றது. எழுபத்தைந்து அடிக்கு ஓரடி என்னும் அளவு. உச்சியை அணுகுமுன் இயந்திரம் திணறி நின்றது. பொறுப்பாயிருந்த உத்தியோகத்தர், வண்டியை இரண்டாகப் பிரித்து முன்பகுதியை முதலிற் கொண்டுபோகத் தீர்மானித்தார். அக்காலத்து அந்தத் தடை, இயந்திரத்தோடு தொடுக்கப்பட்டிருக்கும் வரையிலேதான் வேலை செய்யும். பிரித்ததும், பின்னின்ற பத்துப் பெட்டிகளைத் தாங்கி நின்றவை ஒரு கைத்தடையும், சக்கரங்களின் கீழ் வைத்த சில கற்களுமே. முன்பகுதி புறப்படும்போது சற்றே பின்வாங்கி இடித்தது. கற்கள் நொறுங்கின. பத்துப் பெட்டிகளும் சரிவிலே பின்னோக்கி ஓடத் தொடங்கின. ஒன்றரை மைல் ஓடிப் பின்னே வந்துகொண்டிருந்த வண்டியில் மோதின. ஓடத் தொடங்கிய முதற் கணங்களிற் கதவு திறந்திருந்தால் இறங்கியிருக்கக் கூடியவர் பலர். சாளரங்களினூடாகச் சிலர் வெளியே போடப்பட்டனர். 80 பேர் மாண்டனர். அவர்களுட் பலர் சிறுவர். விபத்துக்குக் காரணம் தடையும் பாரமுமே, பூட்டன்று. ஆயினும், சில பென்சுக் கட்டணம் தப்பிவிடும் என்ற அச்சத்தினால் ஒரு சிறுவர் கூட்டத்தைப் பூட்டி வைத்தார்கள் என்பது வரலாற்றிலிருந்து அழியாது.

மூன்று மாதம் நிறைவதற்குள் 1889ஆம் ஆண்டுப் புகையிரத ஒழுங்குச் சட்டம் நிறைவேறியது. வண்டி பிரிந்தாலுந் தானே பற்றிக்கொள்ளுந் தடை பிரயாணி வண்டிகளுக்கெல்லாங் கட்டாயமாயிற்று. இது யாவரும் போற்றுவது. அதே சட்டத்தின் 5ஆம் பிரிவைப் பலர் கவனிப்பதில்லை. உத்தியோகத்தர் கேட்டால் பிரயாணி சீட்டைக் காட்டலாம். அன்றிப் பணத்தைச் செலுத்தலாம். அன்றித் தம் பெயரையும் விலாசத்தையுங் கூறலாம். மூன்றையும் மறுப்பவரையே தடுத்து வைக்கலாம். கட்டணத்தைத் தவிர்க்கும் எண்ணத்தோடு பிரயாணஞ் செய்தவரே குற்றவாளி; இரண்டாம் முறை அகப்பட்டால் ஒரு மாதச் சிறையும் உண்டு. 6ஆம் பிரிவோ கொம்பனிக்கு ஒரு கடமை விதித்தது: சீட்டின் முகத்திலேயே கட்டணம் பொறிக்கப்படல் வேண்டும். கடுமையும் நியாயமும் அளவறிந்து கலந்த சட்டம் என்றே இதனைச் சொல்லல் வேண்டும். மறந்தவரையும் திருடியவரையும் அது ஒரே தட்டில் வைக்கவில்லை.

இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நிலைமை மாறியது. சிறு நிலையங்களிற் சீட்டு விற்போர் குறைந்தனர், பொறிகள் வந்தன. எண்ணத்தை நிரூபிக்க வேண்டாத துணைவிதிகளும், 1989ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழி வந்த தண்டக் கட்டணமும் பரிசோதகரின் கையிற் சேர்ந்தன. தொடக்கத்தில் 10 பவுணாயிருந்த தண்டம் 2023இல் 100 பவுணாயிற்று. கட்டண ஏய்ப்பு பொய்யான குறையன்று. ஆண்டுதோறும் 35 கோடிப் பவுணுக்குக் குறையாமல் இழப்பதாகப் புகையிரதத் துறையினர் மதிப்பிட்டுள்ளனர். அதனை ஈடுசெய்பவர் நேர்மையாகப் பணங் கொடுக்கும் ஏனையோரே.

எனினும், சட்டம் யாரைத் தொட்டது என்பதைப் பார்த்தல் வேண்டும். இலண்டனில் நிதித்துறையில் உயர்பதவி வகித்த ஒருவர், தடுப்புவாயில் இல்லாத கிராம நிலையத்தினின்று ஏறி, இலண்டன் வாயிலில் 7 பவுண் சொச்சம் மட்டுஞ் செலுத்தி ஐந்தாண்டு காலம் அன்றாடம் சென்று வந்தார். 2013இற் பிடிபட்டு 43,000 பவுண் செலுத்தினார், நீதிமன்றம் ஏறவில்லை. 2024இல் இளம் பொறியியலாளர் ஒருவர், காலை வேளையிற் செல்லாத சலுகை அட்டையைக் காட்டி 1 பவுண் 90 பென்ஸ் குறைவாகச் செலுத்தியமைக்கு வழக்குத் தொடரப்போவதாக எச்சரிக்கை பெற்றார். பத்திரிகைகளிற் கண்டனம் எழுந்த பின்னரே அது கைவிடப்பட்டது.

இதனினும் பெரியது அவ்வாண்டு ஓகஸ்ற் மாதத்தில் வெளிப்பட்டது. திறந்த மன்றில் விசாரியாது, ஒரே நீதவான் கடதாசிகளை மட்டும் படித்துத் தீர்ப்புக் கூறும் முறையொன்று 2015இல் ஏற்பட்டிருந்தது. 1889ஆம் ஆண்டுச் சட்டத்தின் 5ஆம் பிரிவுக் குற்றங்களை அம்முறையில் விசாரிக்க அனுமதியே இருக்கவில்லை. எண்ணம் உண்டா என்று ஆராய வேண்டிய வழக்கை, எதிரியின் முகம் பாராமலே முடித்தனர். பல கொம்பனிகள் ஆண்டுக்கணக்காக அதனையே செய்து வந்தன. பிரதம நீதவான் சோதனை வழக்குகள் ஆறினையும் செல்லாதவை எனத் தீர்ப்பளித்தார். அதனால் நீங்க வேண்டியிருந்த தீர்ப்புகள் எழுபதினாயிரத்துக்கு மேல். அவற்றுக்காகச் செலுத்திய தண்டப்பணத்தை உரியவர்களுக்குத் திருப்பிக் கொடுக்கும் வேலை அதன் பின்னர் தொடங்கியது.