தில்லைத் திருமுறையும் அதனைத் தாங்கிய இசைவாணரும்



சீகாழிச் சட்டைநாதர் திருக்கோயிலில் 2023-ஆம் ஆண்டு மே மாதம் நிகழவிருந்த திருக்குடமுழுக்கின்பொருட்டு, ஏப்ரல் 16-ஆம் நாள் யாகசாலைக்கு மண் எடுக்கக் குழி தோண்டினர். மண்ணுள்ளிருந்து ஐம்பொன் திருமேனிகள் பல வெளிப்பட்டன. அவற்றோடு, தேவாரப் பதிகங்கள் பொறிக்கப்பெற்ற செப்பேடுகளும் நானூற்றுக்கு மேற்பட்டுக் கிடைத்தன. ஞானப்பாலுண்ட பிள்ளையார் அவதரித்த தலத்திலே, குடமுழுக்கிற்கென்று அகழ்ந்த குழியிலேயே, திருப்பாட்டு வெளிப்பட்டமை கண்டு மெய்யன்பர் உள்ளம் உருகியது இயல்பே. ஆயினும், பனையோலையில் எழுதுவதே நாட்டு வழக்கமாயிருக்க, இத்துணைப் பொருளும் உழைப்பும் செலவிட்டுச் செம்பில் வெட்டுவித்தது ஏன் என்னும் வினா உடன் எழுகின்றது. ஓலை செல்லுக்கு இரையாகும் என்பதைச் சைவ உலகம் ஒருமுறை தில்லையிலே கண்ணாரக் கண்டது. அந்த அச்சம் பல நூற்றாண்டுகளாக நீங்கவில்லை போலும்.

தேவார வரலாறு கூறுவோர் பெரும்பாலும் அதனை அருளிய மூவரையும், தொகுத்த நம்பியாண்டார் நம்பியையும், தொகுப்பித்த மன்னனையும் கூறி அமைவர். இடையிலே அப்பாட்டை நாவிலும் கருவியிலும் தாங்கி வந்தவர் பலர். அவர்தம் வரலாறு, 1993-இல் பழைய தென்னார்க்காட்டினின்றும் பிரிந்தமைந்த கடலூர் மாவட்டத்தோடு பெரிதும் பிணைந்து கிடக்கின்றது. நாவுக்கரசர் சூலை நீங்கிக் கொல்லிப் பண்ணிலே முதற்பதிகம் பாடிய திருவதிகை இங்குள்ளது. கல்லே தெப்பமாகக் கரையேறிய திருப்பாதிரிப்புலியூர் இங்குள்ளது. நம்பியாண்டார் நம்பிக்குப் பொல்லாப் பிள்ளையார் அருள்புரிந்த திருநாரையூரும் இங்குள்ளதே. இராசேந்திரப்பட்டினம் என இந்நாளில் வழங்கும் எருக்கத்தம்புலியூர், விருத்தாசலத்தை அடுத்துள்ளது.

அவ்வூரிற் பிறந்த திருநீலகண்ட யாழ்ப்பாணர், தம் மனைவியார் மதங்கசூளாமணியாரோடு சம்பந்தப் பிள்ளையாரை அடைந்து, அவர் பாடும் பதிகங்களை யாழிலிட்டு உடன் சென்றார். தம் தாயார் பிறந்த தருமபுரத்திலே சுற்றத்தார் சிலர், பாணர் யாழிசையினாலேயே பதிகம் சிறக்கின்றது என்று புகழ, அஃது அவர் செவிக்குப் பொறுக்கவில்லை. யாழில் அடங்காததொரு பதிகம் அருளவேண்டும் எனப் பிள்ளையாரை வேண்டினார். பிள்ளையார் அவ்வாறே பாடினார். யாழ் பின்தொடர மாட்டாதாயிற்று. பாணர் கருவியைத் தரையில் ஓக்கி உடைக்கப் புகுந்தார். பிள்ளையார் அதனைத் தடுத்து வாங்கி, இறைவன் பெருமை முழுதும் ஒரு கருவியில் அடங்குமோ என்று தேற்றி, எய்திய அளவிலே வாசிக்குமாறு பணித்துத் திரும்பக் கொடுத்தார். கருவி உடையாமல் பாணர் கைக்கே மீண்டது என்பதை நாம் மறவாதிருத்தல் நன்று.

சோழர் காலத்தே இப்பாட்டு, வழிநடையாய்ப் பாடும் நிலையினின்றும் கோயிற் பணியாயிற்று. தஞ்சைப் பெருவுடையார் கோயிலில் திருப்பதியம் விண்ணப்பம் செய்யப் பிடாரர் நாற்பத்தெண்மரையும், அவர்க்கு உடுக்கை வாசிக்க ஒருவரையும், கொட்டிமத்தளம் வாசிக்க ஒருவரையும் முதலாம் இராசராசன் அமர்த்தினான் என்றும், ஒவ்வொருவர்க்கும் நாள்தோறும் முக்குறுணி நெல் அளிக்கப்பெற்றது என்றும் அக்கோயிற் கல்வெட்டுக் கூறும். யாழ் அந்நிரலில் இல்லை. பாணர் கைக்கருவி மெல்ல மெல்ல வழக்கு வீழ்ந்து, மிடற்றிசையே எஞ்சியது.

உமாபதி சிவாசாரியார் பெயரால் வழங்கும் திருமுறைகண்ட புராணம் கூறும் செய்தி அன்பர்கள் அறிந்ததே. தில்லையிலே ஓர் அறையில் மூவர் கையிலச்சினையோடு ஏடுகள் இருக்கின்றன என அறிந்து மன்னன் வந்தான். மூவரே வந்தாலன்றித் திறத்தல் இயலாது எனத் தில்லைவாழந்தணர் கூற, மூவர் திருவுருவங்களையும் எழுந்தருளுவித்துக் கதவம் திறந்தனர். உள்ளே புற்று மூடிக் கிடந்தது. எண்ணெய் சொரிந்து புற்றை நீக்கியபோது, ஒரு நூறாயிரத்துக்கு மேற்பட்டதாகச் சொல்லப்படும் பதிகத்தொகையில் ஏறத்தாழ எண்ணூறே கிடைத்தன. இதற்குப் பின் நிகழ்ந்ததே அதனினும் பெரிதாக நினைக்கற்பாலது. ஏடு கிடைத்தது; எழுத்துக் கிடைத்தது; இன்ன பதிகத்தை இன்ன பண்ணிற் பாடுக என்று சொல்ல ஒருவர் இல்லை. அப்பொழுது, எருக்கத்தம்புலியூரிலே யாழ்ப்பாணர் மரபில் ஒரு பெண் உளள் என்று திருவருள் உணர்த்தியது. மன்னனும் நம்பியும் அவளைத் தில்லைக்கு அழைத்துவந்து, அவள் பாடக் கேட்டுப் பண்ணடைவு வகுத்தனர். இன்று முதல் ஏழு திருமுறைகளிலே நட்டபாடை என்றும், இந்தளம் என்றும், கௌசிகம் என்றும் நாம் தலைப்பிட்டு அச்சிடுவதெல்லாம் அவள் நாவிலிருந்து வந்தன என்பதே மரபு. பிடாரர் பெயர்களைக் கல்லில் வெட்டிய நாட்டிலே, இவள் பெயரை எழுதியவர் எவருமில்லை.

முதற் குலோத்துங்கன் படைத்தலைவனாகிய மணவிற் கூத்தன் காலிங்கராயன், நரலோகவீரன் என்னும் பெயரினன், தில்லையிலும் திருவதிகையிலும் பெருந்திருப்பணிகள் புரிந்தவன். மூவர் பதிகங்களையும் செப்பேட்டில் எழுதுவித்துத் தில்லையில் வைத்தான் என்பதும், பதிகம் ஓத மண்டபம் அமைத்தான் என்பதும் தில்லைக் கல்வெட்டால் அறியப்படும். புற்றுக்கு அஞ்சிய ஒருவன் செம்பையும், பாட்டு மறக்கப்படும் என அஞ்சிய ஒருவன் மண்டபத்தையும் நாடுவான். அவன் இரண்டையும் நாடினான்.

அச்சுப்பொறி வந்த காலத்தே இவ்வேறுபாடு மீண்டும் தலைதூக்கியது. யாழ்ப்பாணத்து நல்லூர் ஆறுமுக நாவலர், வண்ணார்பண்ணையில் நிறுவியதுபோன்றே 1864-இல் சிதம்பரத்திலும் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். சமயத் தொண்டர் கைக்கொண்ட அச்சையும் பிரசங்கத்தையும் அவர் சைவத்துக்கு உரியவாக்கினார். மடத்துச் சுவடியறைகளில் கிடந்த தேவாரம், பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அச்சேறி இல்லந்தோறும் சென்றது. பேருதவி என்பதில் ஐயமில்லை. ஆனால் அச்சிலே பண்ணின் பெயர் ஏறுமேயன்றிப் பண் ஏறாது. தல யாத்திரை செய்வோர்க்கு எளிதாகுமாறு தலமுறையாக அடுக்கிய பதிப்புகளில் ஒரே பண்ணுக்குரிய பதிகங்கள் சிதறிப்போயின. ஓதுவார் ஒருவர் வாயிற் கேளாதவனுக்குப் புறநீர்மை என்பது வெறுஞ்சொல்லே. அது பூபாளமாகப் பாடப்படுவது என்று கேட்டவனுக்கே தெரியும்.

இதே காலத்தே நந்தன் சரித்திரம் வேறொரு வழியில் நடந்தது. சேக்கிழார் பெருமான் தில்லையில் அரங்கேற்றிய பெரியபுராணத்திலே ஆதனூர்த் திருநாளைப்போவார் வரலாறு சில செய்யுட்களில் அமைந்தது; அங்கே நந்தனாரைத் தடுக்கும் வேதியராகிய பண்ணையார் இல்லை. கோபாலகிருஷ்ண பாரதியார் அப்பாத்திரத்தைப் படைத்து, கதாகாலட்சேப மேடைக்கு ஏற்பக் கீர்த்தனைகளாகப் பாடினார். காரைக்காலில் இருந்த பிரெஞ்சு அதிகாரி ஒருவர் அதனைக் கேட்டு உவந்து அச்சேற உதவினார். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை, புராணத்தினின்றும் விலகியமையும் சொற்பிழையும் கருதிச் சிறப்புப்பாயிரம் தரத் தயங்கியதும், பின்னர்ப் பாரதியார் பாடக் கேட்டு நெகிழ்ந்து அளித்ததும் உ. வே. சாமிநாதையர் வாயிலாக அறியப்பட்ட செய்தி. பிள்ளையவர்கள் கண்ட பிழைகள் பிழைகளே. அவர் நெகிழ்ந்ததும் உண்மையே.

இந்த இரு வழிகளும் ஒருவரிடத்தே வந்து கூடின. திருச்செங்காட்டங்குடியிலே தேவாரம் ஓதும் குடியிற் பிறந்த எம். எம். தண்டபாணி தேசிகர் (1908–1972), பட்டினத்தாராகவும் தாயுமானவராகவும் மாணிக்கவாசகராகவும் திரைப்படங்களில் தோன்றினார். 1942-இல் ஜெமினி நிறுவனத்தார் வெளியிட்ட ‘நந்தனார்’ படத்தில் நந்தனாரும் அவரே. தேசிகர் குடியிற் பிறந்தார் ஒருவர் முகத்தில் வண்ணம் பூசி நடிப்பது தகுமோ என்னும் எண்ணம் சைவர் சிலர்க்கு எழுந்திருப்பின் வியப்பில்லை. ஆயினும் திருமுறை ஒலிக்கும் சந்நிதிக்குள் புக இயலாதிருந்த எளியோரும், கொட்டகைத் தரையில் அமர்ந்து அக்குரலைக் கேட்டனர். நந்தனார் கதையில் அது சிறு செய்தியன்று.

புதுக் கருவிகள் வாளா இடங்கொடுப்பனவல்ல. அக்காலத்துக் கிராமபோன் தட்டின் ஒரு பக்கம் மூன்று நிமிடத்துக்குச் சற்றே மிகுந்து நிற்கும். பதினொரு பாடலுடைய பதிகத்தை அதற்குள் அடைத்தல் ஆகாது. ஓரிரு பாடலைத் தெரிந்துகொள்ளல் வேண்டும். தாளக்கட்டின்றி விருத்தமாக விரித்துப் பாடும் நேரிசையையும் தாண்டகத்தையும் சுருக்குதல் வேண்டும். தருமபுரத்திலே பாணர் எய்திய இடர்ப்பாடு மறுபடியும் நேர்ந்தது. இம்முறையும் எவரும் கருவியை உடைக்கவில்லை. எய்திய அளவிலே பாடினர்.

தேசிகர் பின்னாளில் தில்லைக்கு அணித்தாகிய அண்ணாமலைநகரிலே, அண்ணாமலைப் பல்கலைக்கழக இசைத்துறைக்குத் தலைமை ஏற்றார். இராசா சர் அண்ணாமலைச் செட்டியார் 1929-இல் தோற்றுவித்த அப்பல்கலைக்கழகத்தில் 1941-இல் தமிழிசை மாநாடு கூடியது. 1943-இல் சென்னையில் தமிழிசைச் சங்கம் எழுந்தது. அச்சங்கம் 1957-இல் தேசிகர்க்கு இசைப்பேரறிஞர் என்னும் பட்டம் வழங்கியது. தந்தை வழி மைந்தன் செவியிற் கேட்டுக் கற்ற பண், பாடத்திட்டமும் தேர்வும் உடைய வகுப்பறைக்குள் புகுந்தது. மதிப்பெண்ணால் பண்ணை அளத்தல் கூடுமோ என்பார் உளர். ஆனால் மானியம் குன்றி, ஓதுவார் குடிகள் வேறு பிழைப்பு நாடிய காலத்தே, குடிப்பிறப்புக் கேளாமல் எவர்க்கும் கற்பித்த வகுப்பறையைக் குறைகூறத் தோன்றவில்லை.

அதே பல்கலைக்கழகத்தில் முதல் தமிழ்ப் பேராசிரியராய் அமர்ந்திருந்தவர், மட்டக்களப்புக் காரைதீவிற் பிறந்த விபுலாநந்த அடிகள். வழக்கொழிந்த யாழின் அமைப்பைச் சிலப்பதிகாரத்தினின்றும் உரைகளினின்றும் கணித்து அவர் எழுதிய யாழ்நூல், 1947 ஜூன் மாதம் திருக்கொள்ளம்பூதூரிலே, சம்பந்தப் பெருமான் ஓடம் உய்த்த தலத்திலே அரங்கேறியது. அடுத்த திங்களே அடிகள் இறைவனடி சேர்ந்தார்.

தருமபுரம் ப. சுவாமிநாத ஓதுவார் பாடிப் பதிவான பதிகங்களை இன்று கடல்கடந்த ஊர்களிலும் இணையவழியே கேட்கின்றனர். பதினொரு பாடலும் குறையாமல் ஒலிக்கின்றன; தட்டின் நீளம் இப்பொழுது தடையன்று. திருக்கோயில்களில் ஓதுவார் பணியிடங்களும் நிரப்பப்பட்டு வருகின்றன. 2021-ஆம் ஆண்டில், சென்னையை அடுத்த மாடம்பாக்கம் தேனுபுரீசுவரர் திருக்கோயிலில் ஓதுவாராக அமர்த்தப்பெற்றவர் ஒரு பெண். எருக்கத்தம்புலியூர்ப் பெண் கனகசபை முன்னின்று பாடிய பண்களையே அவர் அங்கே பாடுகின்றார். அவர் பெயர் பணியாணையில் எழுதப்பட்டுள்ளது.