கடுகண்ணாவை ஏற்றமும் தவள மாடும்

உயர்தரத்தில் பௌதிகவியல் படிக்கும் என் பேத்தி ஒரு வரைபோடு வந்தாள். "மூத்தாப்பா, விசை–இடப்பெயர்ச்சி வரைபுக்குக் கீழ உள்ள பரப்பளவுதான் வேலையாம். எப்படி?" மாவனல்லைப் பக்கம் பிறந்த எனக்கு உடனே கடுகண்ணாவைக் கணவாய்தான் நினைவுக்கு வந்தது.

கண்டி மன்னர் காலத்தில் மலைநாட்டுக்கு உப்பும் கருவாடும் ஏறியதும், பாக்கும் மிளகும் இறங்கியதும் தவளம் எனப்பட்ட பொதிமாட்டுக் கூட்டங்களால். அரச போக்குவரத்துக்கான மடிகே பத்த என்னும் பிரிவில் முஸ்லிம்கள் ஆற்றிய பணியை லோனா தேவராஜா 1994இல் வெளிவந்த தம் நூலில் எடுத்துக்காட்டியுள்ளார். அன்றைய பாதைகள் ஒடுங்கியவை, செங்குத்தானவை. மன்னர்களுக்கு அதுவே அரண். 1815இல் கண்டி வீழ்ந்தது. ஆளுநர் பார்ன்ஸ் காலத்தில் கப்டன் டோசன் கொழும்பு–கண்டி வீதியை அமைத்தார். 1867இல் கோப்பிக்காக ரயிலும் வந்தது. தவளத்தின் காலம் மெல்ல முடிந்தது.

ரயில்பாதை இங்கே 45க்கு 1 என்ற சரிவில் ஏறுகிறது. நானும் பேத்தியும் கணக்குப் போட்டுப் பார்த்தோம். 100 கிலோ உப்பை 100 மீற்றர் உயர்த்த வேண்டும், உராய்வை விட்டுவிடுவோம். 10க்கு 1 என ஏறும் ஒற்றையடிப் பாதையில் 98 நியூற்றன் விசை, 1,000 மீற்றர் தூரம். ரயில்பாதைச் சரிவில் சுமார் 22 நியூற்றன், 4,500 மீற்றர். முதலாவது உயர்ந்து ஒடுங்கிய செவ்வகம். இரண்டாவது தட்டையாய் நீண்டது. பரப்பளவோ இரண்டிலும் ஏறத்தாழ 98,000 யூல். சரிவு குறைந்தால் விசை குறையும், வேலை குறையாது.

மாடு ஒரே வேகத்தில் நடந்தால் அதன் இயக்க சக்தி மாறாது. அப்படியானால் அது செய்த வேலை முழுவதும் ஈர்ப்புக்கும் உராய்வுக்கும் ஈடுகொடுக்கவே போகிறது. வேலை–சக்திக் கோட்பாடு சொல்வது இதைத்தான்.

இந்தப் பரப்பளவுக் கணக்கு பள்ளிக்கூடத்தில் பிறந்ததல்ல. 1796 அளவில் ஜேம்ஸ் வாட்டின் உதவியாளர் ஜோன் சதேர்ன், நீராவி எந்திரத்தின் அமுக்கத்தை முசலத்தின் நகர்வோடு சேர்த்துத் தாளில் வரையவைத்தார். அந்தக் கோட்டுக்குள் அடங்கிய பரப்பே எந்திரம் செய்த வேலை. 'வேலை' என்ற சொல்லுக்குப் பௌதிகப் பொருளை 1829இல் நிலைநிறுத்தியவர் பிரெஞ்சு அறிஞர் கொரியோலி.

பேத்தி விடவில்லை. "அப்போ சமதரையில சுமையோட நடந்தா, ஈர்ப்புக்கு எதிரா வேலையே இல்லையா?"

"இல்லை மகள், பூச்சியம்தான்."

"மாட்டுக்குக் களைக்காதா?"

களைக்கும். பொதியைத் தாங்கி நிற்கும் தசை நின்ற இடத்திலேயே சக்தியைச் செலவழிக்கும். அது இந்த வரைபில் விழாது. எங்கள் வரலாறும் அப்படித்தான் ஆகிவிட்டது. கண்டி முஸ்லிம்களை 'வியாபாரிகள்' என்ற ஒரு சொல்லில் முடித்துவிடுகிறோம். கொண்டுவந்து சேர்த்த பொதி கணக்கில் வந்தது. சுமந்த முதுகு வரவில்லை. ஊர்ப் பெரியவர்கள் இருக்கும்போதே தவளப் பாதைகளின் பெயர்களையாவது கேட்டு எழுதிவைப்போம்.