ஆட்டம் குறைந்த இடம் எது?

1842 ஜனவரியில் சார்லஸ் டிக்கன்ஸ் மனைவி கேத்தரினுடன் லிவர்பூலில் 'பிரிட்டானியா' நீராவிக் கப்பலில் ஏறினார். விளம்பரப் படத்தில் விசாலமாகத் தெரிந்த அறை, நேரில் பெட்டிகளைக்கூட உள்ளே கொண்டுபோக முடியாத பொந்தாக இருந்தது. ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு படுக்கைகள், மெல்லிய மெத்தைகள். பயணமோ கடும் குளிர்காலத்துப் புயலில். பட்ட பாடு போதும் என்று, திரும்பும்போது அவர் 'ஜார்ஜ் வாஷிங்டன்' என்ற பாய்மரக் கப்பலைத் தேர்ந்தெடுத்தார்.

அந்தக் காலத்தில் அறை எவ்வளவு பெரியது என்பதைவிட, எங்கே இருக்கிறது என்பதுதான் பயணியின் உறக்கத்தைத் தீர்மானித்தது. பாய்மரக் கால வழக்கப்படி பணக்காரர்களுக்குக் கப்பலின் பின்பகுதியிலேயே இடம் தந்தார்கள். உந்துவிசிறி வந்தபின் அதிர்வும் அங்கேதான் அதிகம். 1871இல் வைட் ஸ்டார் நிறுவனத்தின் 'ஓஷியானிக்' முதல் வகுப்பை நடுப்பகுதிக்கு மாற்றியது. ஏற்றப்பலகைபோல் கப்பல் ஆடினாலும் நடுவில் ஆட்டம் குறைவு. எளிய, அருமையான யோசனை!

வெப்பக் கடல்களில் காற்றோட்டம்தான் பெரிய கவலை. கொழும்பு, ரங்கூன் சென்ற பிபி நிறுவனக் கப்பல்களில், உட்புற அறையிலிருந்து ஒரு குறுகிய சந்து கப்பலின் பக்கச் சுவர்வரை நீளும். அதன் முடிவில் வட்ட ஜன்னல். 'ட' வடிவ அறை.

சென்னை–நாகப்பட்டினம்–பினாங்கு–சிங்கப்பூர் வழியில் ஓடிய 'ரஜுலா' கப்பலிலோ ஆயிரக்கணக்கான தமிழர்களுக்கு அறையே கிடையாது. தளத்தில் பாய் விரித்த இடம்தான் அவர்களுடையது.