சூடு வைத்த பலூன்

1977 செப்டெம்பர் 16ஆம் திகதி, சூரிச் நகரில் அன்ட்ரியாஸ் குருன்ற்சிக் என்ற வைத்தியர், விழித்திருந்த நோயாளியின், இதயத் தசைக்கு இரத்தம் தரும் முடியுரு நாடிக்குள் சிறு பலூனை ஊதி அடைப்பை விரித்ததைச் சென்ற வாரம் பார்த்தோம். அவரிடமே பயின்ற மேத்யூ சாமுவேல் களரிக்கல், 1986இல் சென்னையில் அந்தச் சிகிச்சையைத் தொடங்கினார்.

ஆனால் பலூன் இரண்டு விதத்தில் காலைவாரியது. விரிக்கும்போது நாடியின் உட்சுவர் கிழிந்து, தொங்கும் கீற்று இரத்தத்தின் வழியை மறித்தது. சிலரை உடனே சத்திரசிகிச்சைக்குக் கொண்டுபோக நேர்ந்தது. நன்றாகத் திறந்த நாடியும், ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு ஆறு மாதத்துக்குள் மீண்டும் சுருங்கியது.

கிழிந்ததைச் சூட்டால் ஒட்டிவிட்டால் என்ன? 1980களில் அமெரிக்க வைத்தியர் ரிச்சர்ட் ஸ்பியர்ஸ் பலூனுக்குள் லேசர் இழையைச் செலுத்தினார். ஊதிய பலூன் சுவரை அழுத்திப் பிடித்திருக்க, சுமார் 20 விநாடி வெப்பம் பாயும். கிழிசல் ஒட்டிக்கொள்ளும், சுவரும் விரிந்தபடியே நிற்கும். ரேடியோ அலையால் சூடாக்கும் பலூன்களையும் வேறு சிலர் செய்து பார்த்தார்கள்.

அன்றைய பலன் அருமைதான். திடீரென அடைத்த நாடிகள் மேசையிலேயே திறந்தன. மாதங்கள் போனபின் கணக்குப் பார்த்தால், மீண்டும் சுருங்குவது குறையவே இல்லை. சுட்ட கையில் தழும்பு தடிப்பதுபோல, வெந்த நாடிச் சுவரும் ஆறும்போது தடித்தது.

அதற்குள் வேறு வழி பிறந்திருந்தது. 1986இல் பிரான்சின் துலூஸ் நகரில் ஜாக் புவெல், உலோக வலைக்குழாயை முடியுரு நாடியில் முதன்முதலாக வைத்தார். அதுவே ஸ்டென்ட். உள்ளே சதை வளராமல் தடுக்கும் மருந்து பூசிய ஸ்டென்ட்கள் 2000களின் தொடக்கத்தில் வந்தன. வெப்பப் பலூனுக்கு நாடியில் வேலை போயிற்று. ஆனால் இதயத் துடிப்புத் தடுமாறும் நோயில், தவறான மின்னோட்டத்தைத் தழும்பால் மறிக்க ஜப்பானில் அது பயன்படுகிறது. நாடியைக் கெடுத்த தழும்பே அங்கே மருந்து.

கற்பிட்டி, உடப்பு, சிலாபம் வாசகர்களுக்கு ஒன்று. எந்தப் பலூனும் ஸ்டென்ட்டும், செத்துப்போன இதயத் தசையை எழுப்பாது. கற்பிட்டியிலிருந்து கொழும்பு 150 கிலோமீற்றருக்கும் மேல். நெஞ்சு வலித்து வியர்த்தால் 'வாயு' என்று சோடா குடித்துக் காத்திருக்காதீர்கள். உடனே 1990 அம்புலன்ஸ் சேவையை அழையுங்கள்.

(தொடரும்)