தொங்கான்கள் வெளியேறிய பின்: சிங்கப்பூர் ஆற்றங்கரை வணிகச் சமூகத்தின் வரலாறு

சிங்கப்பூர் ஆறு, கிம் செங் பாலத்திலிருந்து முகத்துவாரம் வரை ஏறத்தாழ 3 கிலோமீட்டர் நீளமே கொண்ட சிற்றாறு. ஆயினும் 1819இல் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி அதன் கரையில் வணிகத்தளம் அமைத்தது முதல், 1983இல் சரக்குப் படகுகள் அங்கிருந்து அகற்றப்பட்டது வரை, தென்கிழக்காசியாவின் அரிசியும் மிளகும் சவ்வரிசியும் ரப்பரும் பெருமளவில் அதன் படித்துறைகளில்தான் கைமாறின. இன்று போட் கீ, கிளார்க் கீ, ராபர்ட்சன் கீ என்ற மூன்று துறைப்பகுதிகளும் உணவகங்களும் விடுதிகளும் நிறைந்த உலாவிடங்களாகிவிட்டன. நகர்ப்புறத் துறைமுக மீட்டுருவாக்கத்துக்கு முன்மாதிரியாகவும் அவை எடுத்துக்காட்டப்படுகின்றன. இந்த மாற்றத்தில் கட்டடங்கள் அடைந்த பேற்றைப் பற்றி நிறையப் பேசப்பட்டிருக்கிறது. அந்தக் கட்டடங்களில் தொழில் நடத்திய வணிகச் சமூகம் எவ்வாறு உருவானது, அதைப் பிணைத்திருந்தது எது, அது கலைந்த இடத்தில் வந்து அமர்ந்தவர்கள் யார் என்னும் கேள்விகளும் அதே அளவு கவனத்துக்கு உரியவை.

சுங்கவரி இல்லாத துறைமுகம் என்ற அறிவிப்பே சிங்கப்பூரின் முதல் மூலதனம். அந்த அறிவிப்பை நம்பி மலாக்காவிலிருந்தும் பினாங்கிலிருந்தும் சீனத்திலிருந்தும் சோழமண்டலக் கரையிலிருந்தும் வந்தவர்கள் ஆற்றின் முகத்துவாரத்தைச் சுற்றியே குடியேறினார்கள். 1822இல் ஸ்டாம்ஃபோர்டு ராஃபிள்ஸ் நகரத் திட்டத்தை வகுத்தபோது, வடகரையை அரசு அலுவல்களுக்கு ஒதுக்கி, சதுப்பாகக் கிடந்த தென்கரையை அங்கிருந்த சிறு குன்றொன்றை வெட்டிய மண்ணால் மேடாக்கி வணிகர்களுக்கு அளித்தார். பிறைவடிவில் வளைந்த அந்தத் தென்கரையே போட் கீ ஆனது. குன்று இருந்த இடம் பின்னாளில் ராஃபிள்ஸ் பிளேஸ் என்று பெயர்பெற்ற வணிகச் சதுக்கமாயிற்று. கரையின் வளைவு கெண்டைமீனின் வயிற்றை ஒத்திருப்பதால் அங்கே செல்வம் தங்கும் என்று சீன வணிகர்கள் நம்பினார்கள். அந்த நம்பிக்கைக்கு வலுவான நடைமுறைக் காரணமும் இருந்தது: படகிலிருந்து இறக்கிய மூட்டையைச் சில அடி தூரத்திலேயே கிடங்கில் அடுக்கிவிட முடிந்தது. கீழ்த்தளம் கிடங்காகவும் கடையாகவும், மேல்தளம் குடியிருப்பாகவும் அமைந்த வீடுகள் நெருக்கமாக எழுந்தன. அவற்றின் முன்னே, கூரையின்கீழ் ஐந்தடி அகலத்தில் விடப்பட்ட பொது நடைபாதையைத் தமிழர்கள் அஞ்சடி என்றே அழைத்தார்கள். 1860களில் சிங்கப்பூரின் கப்பல் வணிகத்தில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு போட் கீயில் நடந்தது.

பெரிய கப்பல்கள் ஆற்றுக்குள் நுழைய முடியாமல் கடலிலேயே நங்கூரமிட்டு நின்றதால், கப்பலுக்கும் கரைக்கும் இடையே சரக்கேற்றிச் சென்ற படகுகளே இந்த வணிகம் முழுவதையும் தாங்கின. தொங்கான் எனப்பட்ட அந்தச் சரக்குப் படகுகளைத் தொடக்க காலத்தில் பெரும்பாலும் ஓட்டியவர்கள் சூலியா என்று அறியப்பட்ட தமிழ் முஸ்லிம்கள். நாகூர், நாகப்பட்டினம், காரைக்கால் முதலிய கரையோர ஊர்களின் கடலோடி மரபிலிருந்து வந்த அவர்கள், 1826இல் ஜாமிஆ சூலியா பள்ளிவாசலை நிறுவினார்கள். 1830ஐ ஒட்டி நாகூர் ஆண்டவர் நினைவாகத் தெலோக் ஆயர் தெருவில் ஒரு தர்காவையும் எழுப்பினார்கள். ஆற்றுக்கு அருகிலுள்ள சூலியா ஸ்ட்ரீட் அவர்கள் பெயரை இன்றும் தாங்கியிருக்கிறது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் படகுத்தொழில் படிப்படியாக ஹொக்கியன், தியோச்சூ மொழிபேசும் சீனர்களின் கைக்கு மாறியது. வழி தெரிந்து செல்லட்டும் என்று முகப்பில் கண்கள் தீட்டப்பட்ட அவர்களுடைய படகுகள் ஆற்றை நிறைத்தன. 1869இல் கட்டப்பட்ட கேவனா பாலம் தாழ்வானது என்பதால், நீர் ஏறியிருக்கும் வேளையில் படகுகள் அதன்கீழ் நுழைய இயலாமல் வற்றத்துக்குக் காத்திருந்தன. நீர் மிகவும் வற்றிவிட்டாலோ சேற்றில் தட்டி நின்றன. ஆற்றங்கரையின் வேலைநேரத்தைக் கடலின் ஏற்றவற்றமே நிர்ணயித்தது.

சரக்கைப் படகு நகர்த்தியது என்றால், வணிகத்தைக் கடன் நகர்த்தியது. ஐரோப்பிய வணிகநிலையங்கள் துணியையும் உலோகப் பொருள்களையும் சீன வணிகர்களிடம் தவணைக் கடனில் ஒப்படைத்தன. தவுக்கே என்று அழைக்கப்பட்ட அந்தச் சீன முதலாளிகள் அவற்றைத் தீவுகளிலும் மலாயாவின் உட்பகுதிகளிலும் தங்கள் ஆட்கள் மூலம் விற்று, பதிலுக்கு மிளகு, காசுக்கட்டி, ரப்பர் போன்ற விளைபொருள்களைத் திரட்டி ஆற்றுக்குக் கொண்டுவந்தார்கள். விற்ற பொருளுக்குப் பணம் வந்து சேரும்வரை இடைப்பட்ட மாதங்களைக் கடக்க எல்லோருக்கும் ரொக்கம் தேவைப்பட்டது. ஐரோப்பிய வங்கிகள் சிறு வணிகரை எளிதில் நம்பாத அந்தச் சூழலில், தேவையை நிறைவுசெய்தவர்கள் 1820களிலிருந்து வரத் தொடங்கிய நாட்டுக்கோட்டை நகரத்தார்.

போட் கீயிலிருந்து நடந்து செல்லும் தொலைவில் இருந்த மார்க்கெட் ஸ்ட்ரீட் நகரத்தாரின் தொழில்வீதி. அங்கிருந்த நீண்ட கூடங்கள் கிட்டங்கி எனப்பட்டன. ஒரே கிட்டங்கியில் பல நிறுவனங்கள் வரிசையாகப் பெட்டியடி போட்டு, அதாவது தாழ்ந்த மேசைப்பெட்டியும் கணக்கேடும் வைத்துத் தரையில் அமர்ந்து, தொழில் நடத்தின. ஊரிலிருக்கும் முதலாளியின் விலாசத்தில் கடையை நடத்த மேலாள் என்ற முகவர், சம்பளச்சீட்டு எனப்பட்ட ஒப்பந்தத்தின்படி ஏறத்தாழ மூன்று ஆண்டுகளுக்கு வந்து தங்கினார். அவருக்குத் துணையாக அடுத்தாளும் பெட்டியடிப் பையன்களும் சமையலாளும் இருந்தார்கள். ஊரில் வளரும் பையன் கிட்டங்கியில் எடுபிடியாகத் தொடங்கி, பேரேடு எழுதக் கற்று, அடுத்தாளாகி, மேலாளாக உயர்வதற்கு இந்த ஏற்பாடே பள்ளிக்கூடம். தங்களுக்குள் கொடுக்கல் வாங்கலுக்கு நகரத்தார் கூடிப் பேசி அவ்வப்போது முடிவுசெய்த வட்டிவிகிதம் நடப்பு வட்டி எனப்பட்டது. எந்தக் கடைக்குப் பணமுடை, எந்தத் தவுக்கேயின் சரக்கு தேங்கிக் கிடக்கிறது என்ற செய்திகள் கிட்டங்கியின் கூடத்துக்குள்ளேயே பரவின. ஆகவே, அடமானம் கேட்டு மட்டுமின்றி ஆளை அறிந்தும் கடன் கொடுக்க அவர்களால் முடிந்தது.

இந்தச் சமூகத்தின் உண்மையான வலிமை இங்கேதான் இருந்தது. சரக்கும் பணமும் செய்தியும் ஒன்றுக்கொன்று நடக்கும் தொலைவில் அமைந்திருந்ததால், மொழியாலும் சமயத்தாலும் வேறுபட்ட மக்கள் தொழிலால் ஒரே வலையாகப் பின்னப்பட்டிருந்தார்கள். கப்பல் பயணிகள் கரையேறும் கோலியர் கீயையும் ராஃபிள்ஸ் பிளேஸையும் இணைத்த சேஞ்ச் ஆலி என்ற குறுகிய சந்தில் நாணயம் மாற்றித் தந்த தமிழ் முஸ்லிம்களும் இந்த வலையின் ஒரு கண்ணியே. 1837இல் சிங்கப்பூர் வர்த்தகச் சங்கமும் 1906இல் சீன வர்த்தகச் சங்கமும் அமைந்தபோது, அவை இந்த நடைமுறை உறவுகளுக்கு முறையான வடிவம் தந்தன.

அந்த உலகத்தைப் பொற்காலம் என்று போற்றுவதும் வரலாற்றுக்குப் பொருந்தாது. அபினி வணிகமும் அபினி வரியும் காலனிய சிங்கப்பூரின் செல்வத்தில் பெரும் பங்கு வகித்தன; படகுக்கும் கரைக்கும் இடையே போட்ட குறுகிய பலகையில் முதுகொடிய மூட்டை சுமந்த கூலிகள், மேல்தளத்து நெருக்கடி அறைகளில் நோயோடு வாழ்ந்தார்கள். வணிகத்தின் பயன் எல்லோருக்கும் ஒரே அளவில் கிடைக்கவில்லை என்பதை ஒப்புக்கொண்டுதான் அதன் கட்டமைப்பை மதிப்பிட வேண்டும்.

ஆற்றின் தனியுரிமைக்கு முதல் சவால் நீராவிக் கப்பல்களிலிருந்து வந்தது. 1869இல் சூயஸ் கால்வாய் திறக்கப்பட்டதும் பெருகிய நீராவிக் கப்பல்கள், பின்னர் கெப்பல் துறைமுகம் எனப் பெயர்பெற்ற ஆழமான புதிய துறைமுகத்தின் பக்கம் திரும்பின. 1864இல் தொடங்கப்பட்ட தஞ்சோங் பகார் கப்பல்துறைக் கம்பெனி அங்கே வளர்ந்தது. ஆயினும் அண்டைத் தீவுகளோடு நடந்த வணிகமும் ரப்பர், அரிசிக் கிடங்குகளும் ஆற்றிலேயே தங்கின. 1930களின் பெருமந்தம் கடன்களை முடக்கியது. 1942 முதல் 1945 வரையிலான ஜப்பானிய ஆட்சி கணக்குகளையே குலைத்தது. 1963 முதல் 1966 வரை இந்தோனேசியா நடத்திய எதிர்ப்பியக்கம் தீவுகளுடனான வணிகத்தை அறுத்தது. இறுதி அடியை 1972இல் தஞ்சோங் பகாரில் திறக்கப்பட்ட கொள்கலன் முனையம் கொடுத்தது. கப்பலிலிருந்து பாரந்தூக்கியால் நேரே கரையில் இறக்கப்படும் இரும்புப் பெட்டிக்கு இடையில் ஒரு படகு தேவைப்படவில்லை.

1977 பிப்ரவரியில், பத்து ஆண்டுகளுக்குள் சிங்கப்பூர் ஆற்றிலும் காலாங் ஆற்றிலும் மீன்பிடிக்கக்கூடிய நிலை வரவேண்டும் என்ற இலக்கைப் பிரதமர் லீ குவான் யூ முன்வைத்தார். கழிவும் எண்ணெயும் கலந்து கறுத்துக் கிடந்த அந்த நீர்நிலைகளைத் தூய்மைப்படுத்த, அவற்றின் வடிநிலத்திலிருந்து ஏறத்தாழ 26,000 குடும்பங்கள் மறுகுடியமர்த்தப்பட்டன. ஏறத்தாழ 5,000 தெருவோரக் கடைக்காரர்கள் அங்காடி நிலையங்களுக்கு மாற்றப்பட்டார்கள். 600க்கும் மேற்பட்ட பன்றிப் பண்ணைகள் அகற்றப்பட்டன. 1983இல் சுமார் 800 சரக்குப் படகுகள் பாசிர் பாஞ்சாங்குக்கு அனுப்பப்பட்டன. 1987இல் பணி நிறைவுபெற்றபோது ஆறு தெளிந்திருந்தது. பொது நலத்துக்கு இது பெரும் சாதனை என்பதில் ஐயமில்லை. ஆனால் படகு போனவுடன் கிடங்கு அங்கே இருக்கக் காரணம் இல்லாமல் போயிற்று. கிடங்கு போனவுடன் தவுக்கேயும் தரகரும் சுமைகூலியும் கலைந்தார்கள்.

வெறுமையான கட்டடங்களை இடிக்காமல் காப்பது என்று முடிவாகி, 1989இல் போட் கீயும் கிளார்க் கீயும் பாதுகாப்புப் பகுதிகளாக அறிவிக்கப்பட்டன. போட் கீயில் நூற்றுக்கு மேற்பட்ட பழைய கடைவீடுகள் செப்பனிடப்பட்டு ஒவ்வொன்றாக மதுக்கூடங்களாகவும் உணவகங்களாகவும் மாறின. கிளார்க் கீயின் கிடங்குகளை ஒரே நிறுவனம் குத்தகைக்கு எடுத்து, 1993இல் கேளிக்கை வளாகமாகத் திறந்தது. ராபர்ட்சன் கீயின் கிடங்குகளும் ஆலைகளும் இருந்த நிலத்தில் அடுக்குமாடி வீடுகளும் தங்கும் விடுதிகளும் எழுந்தன. 2008இல் மரினா அணைக்கட்டு கட்டப்பட்டபின் ஏற்றவற்றமும் நின்று, ஆறு நன்னீர்த்தேக்கத்தின் ஒரு பகுதியாயிற்று. 2012இல் மூன்று துறைப்பகுதிகளின் வணிகர்களை ஒருங்கிணைத்து வட்டாரத்தைப் பராமரிக்கவும் விளம்பரப்படுத்தவும் சிங்கப்பூர் ரிவர் ஒன் என்ற அமைப்பு தோன்றியது.

இந்தப் புதிய வணிகச் சமூகத்துக்கும் பழையதற்கும் இடையிலான வேறுபாடு அடிப்படையானது. பழைய வணிகர்களுக்கு ஆறு தொழிற்கருவி. புதியவர்களுக்கு அது வாடிக்கையாளரை ஈர்க்கும் காட்சி. பழைய வணிகர்கள் வெவ்வேறு தொழில் செய்து ஒருவரையொருவர் சார்ந்திருந்தார்கள். புதியவர்கள் ஒரே தொழிலைச் செய்து ஒரே வாடிக்கையாளருக்காகப் போட்டியிடுகிறார்கள். ஒரே தொழிலை நம்பிய வட்டாரம் எவ்வளவு எளிதில் நிலைகுலையும் என்பது, 2020 மார்ச்சில் பெருந்தொற்றால் மூடப்பட்ட இரவுக்கேளிக்கை நிலையங்கள் 2022 ஏப்ரலில்தான் முழுமையாகத் திறக்கப்பட்டபோது வெளிப்பட்டது. அதன்பின் கிளார்க் கீ பகல்நேரக் கடைகளையும் சேர்த்துப் புதுப்பிக்கப்பட்டது, தொழில்வகைகளின் பன்மைக்கு உள்ள மதிப்பை வட்டாரமே உணர்ந்ததற்குச் சான்று.

மார்க்கெட் ஸ்ட்ரீட் இதற்கு எதிர்மறையான பாடத்தைத் தருகிறது. அங்கே கட்டடமும் காக்கப்படவில்லை. 1970களில் நகரமைய மறுசீரமைப்புக்காகக் கிட்டங்கிகள் கையகப்படுத்தப்பட்டு இடிக்கப்பட்டன. அதே வீதியில் 1984இல் கோல்டன் ஷூ வாகன நிறுத்தக் கட்டடம் எழுந்தது, பின் அதுவும் இடிக்கப்பட்டு 2021இல் 51 தளக் கேப்பிட்டாஸ்பிரிங் கோபுரம் நின்றது. ஆயினும் நகரத்தார் சமூகம் மறைந்துவிடவில்லை. 1859இல் அவர்கள் டேங்க் ரோட்டில் எழுப்பிய தண்டாயுதபாணி கோவில், 2014இல் தேசிய நினைவுச்சின்னமாக அறிவிக்கப்பட்டு, தைப்பூசக் காவடிகள் வந்துசேரும் தலமாக இன்றும் விளங்குகிறது; பூசத்துக்கு முதல் நாள், செட்டிப்பூசத்தன்று, வெள்ளி ரதம் அங்கிருந்து கியோங் சைக் ரோட்டு விநாயகர் கோவிலுக்குப் புறப்படுகிறது. வணிகத்தின் இலாபத்தில் மகமையாக, அதாவது அறப்பணிக்கென்று ஒதுக்கிவைத்த பங்காகச் சேர்ந்த பணம் வளர்த்த நிறுவனம், வணிகவீதி அழிந்த பின்னும் சமூகத்தைச் சேர்த்து வைத்திருக்கிறது. ஆற்றங்கரையிலோ 2002இல் நிறுவப்பட்ட, செட்டியாரிலிருந்து நிதித்துறையினர் வரையிலான மாற்றத்தைச் சித்திரிக்கும் வெண்கலச் சிற்பத்தொகுதிதான் அந்தத் தொழிலுக்கு எஞ்சிய அடையாளம்.

ஆகவே, துறைமுக மீட்டுருவாக்கத்தை மதிப்பிடும்போது எத்தனை முகப்புகள் காக்கப்பட்டன என்று எண்ணுவதோடு நிறுத்திக்கொள்ள முடியாது. நீரைத் தூய்மையாக்குவதும் சுவரைச் செப்பனிடுவதும் அரசால் பத்தாண்டுகளில் செய்யக்கூடியவை. தலைமுறைகளாகச் சேர்ந்த நாணயமும் தொழிலறிவும் ஒருமுறை சிதறினால் எந்தத் திட்டத்தாலும் மீட்கப்படுபவை அல்ல. கொள்கலன் வந்தபின் தொங்கான்களைத் தக்கவைத்திருக்க இயலாது என்பது உண்மை. ஆனால் சிறு வணிகருக்குக் கட்டுப்படியான வாடகையும் ஒரே கரையில் பலவகைத் தொழில்களுக்கு இடமும், பழைய தொழிலாளர்களின் நினைவுகளையும் கணக்கேடுகளையும் திரட்டிக் காக்கும் ஏற்பாடும் தூய்மைப்பணியோடு சேர்த்தே திட்டமிடப்பட்டிருக்கக் கூடியவை. கொழும்பிலும் மும்பையிலும் சென்னையிலும் பழைய துறைமுக வட்டாரங்களின் எதிர்காலம் விவாதிக்கப்படும்போது, சிங்கப்பூர் ஆற்றின் சாதனையோடு இந்த விடுபாடும் கணக்கில் கொள்ளப்பட வேண்டும்.