கரையிலே நல்ல கயிறு

பழவேற்காட்டுக்கு இரண்டு வகை மனிதர்கள் போவார்கள். ஏரியில் பூநாரை பார்க்கப் போகிறவர்கள் ஒரு வகை. டச்சுக்காரர் கல்லறை பார்க்கப் போகிறவர்கள் மற்றொரு வகை. 1613-இல் கெல்டிரியா என்று ஒரு கோட்டை கட்டிக்கொண்டு வியாபாரம் செய்தவர்களில் பலர் அங்கேயே மண்ணாகிவிட்டார்கள். கல்லறைத் தோட்டத்து வாசலில் கல் எலும்புக்கூடுகள் காவல் நிற்கின்றன. நான் ஒரு கேபிளைப் பார்க்கப் போனேன் என்றால் சிரிப்பீர்கள். உண்மை அதுதான்.

என் சிநேகிதர் ஒருவர் அமெச்சூர் ரேடியோக்காரர். ஹாம் என்று சொல்லிக்கொள்கிறார்கள். பரீட்சை எழுதி லைசென்ஸ் வாங்கி, சொந்த ரேடியோவில் உலகத்தோடு பேசுகிறவர்கள். காசு வாங்கக் கூடாது. பேசுகிற சந்தோஷம் ஒன்றுதான் வரும்படி. ஏரிக்கும் கடலுக்கும் நடுவே நீளமாகக் கிடக்கும் ஸ்ரீஹரிகோட்டாத் தீவிலிருந்து 2005 மே 5-ஆம் தேதி ஹாம்ஸாட் என்ற சிறு செயற்கைக் கோளை இவர்களுக்காகவே வானத்துக்கு அனுப்பினார்கள். கீழிருந்து வரும் பேச்சை வாங்கித் திருப்பி அனுப்பும் கருவிகள் அதில் இரண்டு இருந்தன. ஒன்றைச் செய்தவர் ஒரு டச்சு மாணவர்! கோட்டை கட்டிய தேசத்தார் நானூறு வருஷம் கழித்து இப்படி ஒரு தரம் வந்து போனார்கள். 2014 ஜூலையில் அந்தக் கோள் ஓய்ந்தது. அது கிளம்பிய திசையைப் பார்த்தபடி ஒரு நாள் பேச வேண்டும் என்பது சிநேகிதரின் ஆசை. மூட்டை சுமக்க நான் போனேன்.

ஒரு குப்பத்தின் ஓரத்தில் மூங்கில் நட்டு, உச்சியில் சுமார் ஒரு மீட்டர் நீளமுள்ள ஏரியலைக் கட்டினார். கீழே ரேடியோ. இரண்டையும் சேர்ப்பது ஒரு கறுப்புக் கேபிள். அவர் வீட்டு மொட்டை மாடியில் பல வருஷம் வெயிலும் மழையும் தின்ற கேபிள்.

கல்லூரியில் இரண்டு வருஷம் பௌதிகம் படித்ததோடு என் விஞ்ஞானம் நின்றுவிட்டது. ஆகவே அவர் கயிற்றை வைத்து விளக்கினார். ஒரு கயிற்றின் நுனியை மரத்தில் கட்டி, மறு நுனியைச் சுண்டினால் அலை ஓடி, மரத்தில் மோதித் திரும்பி வருகிறது அல்லவா? கேபிளுக்கும் ஒரு சுபாவம் உண்டு. உள்கம்பியின் பருமன், வெளிவலையின் அகலம், நடுவே உள்ள பிளாஸ்டிக் இவற்றால் அமைவது அது. இம்பீடன்ஸ் என்று பெயர். இவர் கேபிளுக்கு 50 ஓம். பத்து அடி நறுக்கினாலும் 50, நூறு அடி நறுக்கினாலும் 50. ஏரியலும் அதே 50 காட்டினால் அனுப்பியதெல்லாம் அதற்குப் போய்ச் சேரும். காட்டாவிட்டால் ஒரு பங்கு திரும்பி வரும். எவ்வளவு திரும்புகிறது என்பதை எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டர் சொல்லும். 1 என்றால் உத்தமம். 3 என்றால் நாலில் ஒரு பங்கு திரும்புகிறது.

இந்த ஞானம் சுலபமாக வரவில்லை. 1858-இல் அட்லாண்டிக் கடலுக்கு அடியில் முதல் தந்திக் கேபிள் போட்டார்கள். விக்டோரியா ராணியின் வாழ்த்துச் செய்தி, நூறு வார்த்தைகூட இல்லாதது, போய்ச் சேரப் பதினாறு மணி நேரம் பிடித்தது. பொறுப்பிலிருந்தவர் மின்சாரத்தை ஏற்றினார், சுமார் 2000 வோல்ட் வரைக்கும். செவிடர் காதில் இன்னும் உரக்கக் கத்துகிற மாதிரி. சில வாரங்களில் கேபிள் செத்துப்போயிற்று. பதினாறு வயதோடு பள்ளிக்கூடத்தை விட்டுத் தந்தி ஆபீசில் வேலை பார்த்த ஆலிவர் ஹெவிசைட் என்ற ஆங்கிலேயர்தான் பின்னால் இந்தக் கணக்கையெல்லாம் போட்டார். ஒரு கம்பியைச் சுற்றி இன்னொன்றாக அமைந்த கேபிளுக்கு 1880-இல் பேடண்ட் எடுத்தவரும் அவர். 1886-இல் இம்பீடன்ஸ் என்ற பெயரை வைத்தவரும் அவர்.

சிநேகிதர் மீட்டரைப் பார்த்தார். 1.3. "பிரமாதம்!" என்றார். சென்னையில் காத்திருந்தவர்களைக் கூப்பிட்டார். பதில் இல்லை. மறுபடி கூப்பிட்டார். இல்லை. மீட்டர் மட்டும் 1.3-லேயே சமர்த்தாக நின்றது.

வலை பின்னிக்கொண்டிருந்த ஒரு பெரியவர் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னா சார், கூப்பிட்டா வரமாட்டேங்கறாங்களா?"

"இங்கே எல்லாம் சரியாத்தான் இருக்கு, பெரியவரே" என்றார் சிநேகிதர்.

"கரையில கயிறு நல்லாத்தான் சார் இருக்கும். தண்ணிக்குள்ள இருக்கற முடிச்ச இல்ல தொட்டுப் பாக்கணும்?"

சிநேகிதர் ஒரு நிமிஷம் பேசவில்லை. பிறகு மூங்கிலைச் சாய்த்து, மீட்டரை ஏரியல் முனையிலேயே மாட்டினார். 3! பிளக்கைக் கழற்றினால் உள்ளே பச்சைக் களிம்பு. கேபிளுக்குள் ஈரம் இறங்கி, வழியிலேயே பெரும் பகுதியைத் தின்றுகொண்டிருந்தது. கணக்கை மணலில் எழுதிக் காட்டினார். நூறு அனுப்பினால் 25 மேலே போகிறது. அதில் நாலில் ஒரு பங்கு, ஆறேகால், திரும்புகிறது. திரும்புகிற வழியிலும் முக்கால்வாசி நஷ்டம்; மீட்டருக்கு வந்து சேருவது ஒன்றரை. 'ஒன்றரைதானே திரும்பியது, மற்றதெல்லாம் போய்ச் சேர்ந்துவிட்டது' என்று மீட்டர் நினைத்துக்கொள்கிறது. கேபிள் எவ்வளவு கெட்டிருக்கிறதோ அவ்வளவுக்கு மீட்டர் நல்ல வார்த்தை சொல்லும்!

புதுக் கேபிள் போட்டு, முனையைச் சுரண்டிப் பொருத்தி, மறுபடி அவர் உட்கார்ந்தபோது பெரியவரும் பக்கத்தில் வந்து குந்தினார்.

"இந்த டப்பா சுனாமிக்கு வந்துச்சா சார்?" என்று கேட்டார்.

வந்தது என்றார் சிநேகிதர். 2004 டிசம்பரில் பாரதி பிரசாத் என்ற அம்மாள் தம் குழுவோடு போர்ட் பிளேரில் அமெச்சூர் நிலையம் நடத்திக்கொண்டிருந்தார். 26-ஆம் தேதி பூமி ஆடி, மற்றத் தொடர்பெல்லாம் அறுந்தபோது, தீவுக்காரர்களின் க்ஷேம சமாசாரத்தை வெளியே கொண்டுவந்தது அந்த ரேடியோதான்.

"அது அப்பால. மின்னாடி எங்களுக்கு யாரு சொன்னா? கடலுதான் வந்து சொல்லிச்சு."

அதற்கு எங்களிடம் பதில் இல்லை. சுமத்ராவில் பூமி ஆடியது நம் கடிகாரப்படி காலை ஆறரைக்குச் சற்று முன்; நம் கரைக்கு அலை வந்தது ஏறத்தாழ இரண்டு மணி நேரம் கழித்து. ஆட்டத்தைப் பதிவு செய்த கருவிகள் உலகம் பூராவும் இருந்தன. குப்பத்துக்கு வரும் முடிச்சுதான் இல்லை. புதுச்சேரிப் பக்கம் நல்லவாடு என்ற மீனவ கிராமத்தில் இருந்தது. அங்கே ஒரு தகவல் மையமும் ஒலிபெருக்கியும் இருந்தன. சிங்கப்பூரில் இருந்த ஊர்க்காரர் ஒருவர் செய்தி அறிந்து டெலிபோன் செய்தார், ஒலிபெருக்கியில் கூவினார்கள், ஜனங்கள் ஓடிப் பிழைத்தார்கள்.

2007 அக்டோபரில் ஹைதராபாத்தில் சுனாமி எச்சரிக்கை மையம் வந்துவிட்டது. பெரிய காரியந்தான். ஆனால் இப்போதெல்லாம் எச்சரிக்கை அனுப்பியாகிவிட்டது என்ற செய்தியைப் படிக்கும்போது எனக்கு அந்த 1.3 ஞாபகம் வருகிறது. அனுப்பிய இடத்தில் அளந்து என்ன பயன்? குப்பத்து முனையில் போய் அளக்க வேண்டும்.

ரேடியோ கரகரத்தது. சென்னையிலிருந்து ஒரு குரல், தெளிவாக, எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்டது. சிநேகிதர் மைக்கைப் பெரியவர் பக்கம் காட்டி, அவரையே ஊர்ப் பெயர் சொல்லச் சொன்னார். அவர் சொன்னார். சொல்லிவிட்டு எங்களைப் பார்த்து மெல்லக் கேட்டார்:

"கேட்டுச்சாமா?"