உபவாசமும் உணவு மறுப்பு நோயும்: ஒரு வரலாற்று நோக்கு

தாம்பரத்திலிருந்து செங்கற்பட்டு செல்லும் இருப்புப் பாதையில் பொத்தேரி நிலையம் உள்ளது. அதனை அடுத்து 1985இல் எஸ்.ஆர்.எம். பொறியியற் கல்லூரி தொடங்கப்பெற்றது. இன்று அங்கே பல்கலைக்கழகமும் மருத்துவமனையும் மாணவர் விடுதிகளும் உள்ளன. பெற்றோரைப் பிரிந்து இத்தகைய இடங்களில் பயிலும் இளைஞரிடையே பணிபுரியும் ஆயர்கள் அறிந்திருக்கவேண்டிய நோயொன்று உண்டு. மருத்துவர் அதனை அனரெக்சியா நெர்வோசா என்பர். பசியின்மை என்பது அச்சொல்லின் பொருளாயினும், நோயுற்றோர் பெரும்பாலும் பசியை உணர்ந்தே அதனை அடக்குகின்றனர். ஆகவே உணவு மறுப்பு நோய் எனல் பொருந்தும். குமரப் பருவத்தில் தோன்றும் இந்நோய் பெண்களிடம் மிகுதி, ஆண்களையும் தாக்கும். மனநோய்களுள் உயிரிழப்பு மிகுந்தவற்றுள் இதுவும் ஒன்று.

பசியைப் பிணியெனக் கண்டது மணிமேகலைக் காப்பியம். ஆனால் ஒருவர் உணவை மறுக்கும்போது நாம் பிணியை நினைப்பதில்லை; பக்தி என்றோ பிடிவாதம் என்றோ கொள்கிறோம். இத்தவறு பழமையானது.

இத்தாலியின் சியென்னா நகரத்துக் கத்தரீன் (1347–1380) உணவை மிகக் குறைத்து, 33ஆம் வயதில் மறைந்தார். ரூடால்ஃப் பெல் என்னும் வரலாற்றாசிரியர் 1985இல் எழுதிய நூலில், அவர் போன்றோரின் நோன்பை இந்நோயோடு ஒப்பிட்டார். 1987இல் கரோலின் பைனம், அக்காலப் பெண்களின் பக்தியை வெறும் நோயாகக் குறுக்கலாகாது என்று மறுத்துரைத்தார். இவ்விரு எச்சரிக்கைகளும் நமக்குத் தேவை.

இந்நோயை மருத்துவ நோக்கில் முதன்முதல் விவரித்தவர்களுள் ஒருவர் முன்னர் ஆயராய் இருந்தவர் என்பது நாம் கருதத்தக்கது. ரிச்சர்டு மார்ட்டன் 1662இல் மனச்சான்றின்பொருட்டுத் தம் சபைப் பொறுப்பை இழந்து மருத்துவரானார். 1689இல் வெளியிட்ட க்ஷயரோக நூலில், காய்ச்சலோ இருமலோ இன்றி மெலிந்த இருவரைக் குறிப்பிடுகிறார். ஒருத்தி 18 வயதில் நோயுற்ற பெண். இரவெல்லாம் நூல்களில் மூழ்கியிருந்தவள். மருந்தை வெறுத்த அவள் இறந்தாள். மற்றவன் ஒரு போதகரின் 16 வயது மகன். படிப்பை நிறுத்திச் சிற்றூர்க் காற்றையும் பாலுணவையும் நாடுமாறு மார்ட்டன் கூற, அவன் பெரிதும் தேறினான். இருவர் நோய்க்கும் மனத்துயரே காரணம் என்பது அவர் முடிவு.

1873இல் லண்டனில் வில்லியம் கல்லும் பாரிசில் லசேகும் இதனைத் தனி நோயாக விளக்கினர். குடும்பத்தார் கெஞ்சுவதும் மிரட்டுவதும் பயன் தருவதில்லை என்று லசேக் கண்டார். அதன் காரணத்தை ஓரளவு 1944–45இல் மின்னசோட்டாப் பல்கலைக்கழகம் காட்டியது. போரில் ஆயுதம் ஏந்த மறுத்த 36 ஆடவர் அங்கே தாமே முன்வந்து குறையுணவில் வாழ்ந்தனர். நலமுடன் இருந்த அவர்களும் சோர்ந்து, உணவையே ஓயாது எண்ணலாயினர். பட்டினி உடலோடு மனத்தையும் பிணிக்கிறது.

இது மேனாட்டு நோய் என்று நாம் ஒதுங்குவதற்கில்லை. சென்னையில் 210 மருத்துவ மாணவரை ஆராய்ந்த மனநல மருத்துவர்கள், ஏறத்தாழ 15 விழுக்காட்டினரிடம் உணவும் எடையும் பற்றிய மனக்கலக்கத்தைக் கண்டனர். அது முழுநோய் அன்று, அதனினும் இலேசானது. தில்லி மருத்துவர்கள் 1995இல் எழுதிய ஐந்து பெண்களோ பருமனைக் குறித்த அச்சமின்றியே உணவை மறுத்தவர்கள். மறுபுறம், 1989இல் வெளிவந்த வட இந்திய மாணவியர் ஆய்வில், சமய நோன்பைப் பற்றிய விடைகள் நோய்க்குறியாக எண்ணப்படும் இடரும் வெளிப்பட்டது.

இனி என் குறையையும் கூறவேண்டும். முன்னொரு சபையில், வாரந்தோறும் உபவாசித்த இளம்பெண் ஒருத்தியைப் பலர்முன் பாராட்டினேன். அவள் மெலிந்ததைக் கண்டும் வினவவில்லை. மருத்துவமனையில் அவளைக் கண்டபோதுதான், என் புகழுரையும் அவளுக்குச் சுமையானதை அறிந்தேன். அவள் பிழைத்தது இறைவனின் இரக்கம்.

உபவாசத்திற்கு ஒரு நோக்கமும் முடிவும் உண்டு. அது முடிந்ததும் பந்தியில் மகிழ்ந்து அமர்கிறோம். நோய்க்கு முடிவில்லை. அது உண்டதாகப் பொய்யுரைக்கும். பிறரோடு உண்ணக் கூசும். எடை குறையக் குறைய இன்னும் குறைக்கத் தூண்டும். மாதவிடாய் நிற்றல், மயக்கம், ஓயாத உடற்பயிற்சி ஆகியனவும் அறிகுறிகள். இவற்றைக் கண்டால் தாமதமின்றி மருத்துவரிடம் அழைத்துச் செல்லவேண்டும். நெடுநாள் பட்டினி கிடந்தவருக்குத் திடீரெனப் பேருணவு அளிப்பதும் ஆபத்து. மருத்துவர் மேற்பார்வையில் படிப்படியாகவே உணவைக் கூட்டவேண்டும்.

சாமுவேலின் முதலாம் நூலில் அன்னாள் உண்ணாமல் அழுதாள். ஆசாரியனாகிய ஏலி முதலில் அவளைக் குடிவெறி கொண்டவள் என்று தவறாக எண்ணினான். பின்னர் அவள் சொல்லைக் கேட்டு ஆசி கூறினான். அதன்பின் அவள் சென்று உணவருந்தினாள். ஏலியின் முதல் தவறு நமக்கும் எளிதில் நேரும். அவனைப்போல நாமும் செவிகொடுக்கக் கற்போமாக.